பத்து டேப்லெட்டும் ஒரு டப்பா கிரீஸும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்த அன்று, சப்பரம் பார்க்க வருவதுபோல ஊரே வந்து நின்றது. குளச்சலுக்கு மேற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் சின்னப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைதான். வாத்தியார்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் ராஜையன் சார், அப்புறம் நேசம்மாள் என்கிற நான். கூரை ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியபோது எட்டிப் பார்க்காத ஆட்கள் எல்லாம் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்கு அப்போதே எரிச்சல்தான். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து அனுப்பியவை அவை. 2013 ஜூன் மாதம். எங்கள் கடற்கரையில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொட மாட்டார்கள். வள்ளமானாலும் பைக்கானாலும் சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க வேண்டும். அன்றும் தெளித்தார். ராஜையன் சாரோ பெட்டிகளுக்கு மேலே தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மந்திரிக்கவும் வேண்டும், ஒரு துளி படவும் கூடாது அவருக்கு.

விழா முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம் என்று பெரிய மனது வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெபிஷா வாசித்தாள்.

பெபிஷா நாலாம் வகுப்பு. கண்ணில் பிறவிக் குறை. மூக்கு தாளில் உரசுகிற அளவுக்குக் குனிந்தாலும் புத்தகத்து எழுத்து அவளுக்குக் கறுப்புப் புழுக்களாகத்தான் தெரியும். மூன்று வருடமாக அவளை மக்கு என்றே எல்லோரும் வைத்திருந்தார்கள். நான் மாற்றலாகி வந்த புதிதில் நாகர்கோவிலுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். தடித்த கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்த டாக்டர், நரம்பில் உள்ள குறை, கண்ணாடியால் இதற்குமேல் ஆகாது, எழுத்து பெரிதாக இருந்தால் வாசிப்பாள், அறிவுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அன்றிலிருந்து பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிது பெரிதாக எழுதித்தான் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். எழுத்தெல்லாம் படித்துவிட்டாள். ஆனால் ஒரு புத்தகம் முழுவதையும் எத்தனை காலண்டரில் எழுதுவது? என் கையும் மனிதக் கைதானே.

டேப்லெட்டில் நாலாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் ஏற்றப்பட்டிருந்தது. நான் இரண்டு விரலை வைத்து விரித்தேன். எழுத்து எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. பெபிஷா வாயைப் பிளந்தாள். பிறகு தானே இரண்டு விரலை வைத்து இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

"மழை பெய்தது. குளம் நிறைந்தது. தவளை... தவளை பாடியது."

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே வாசித்தாள். அவள் அம்மா அஜிதா மீன் விற்றுவிட்டு அந்த வழியாக வந்தவள், வாசலில் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன்.

மறுநாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிக் கதவு வைத்த புது அலமாரி நின்றது. உள்ளே பத்து டேப்லெட்டும் தனித்தனியாக பாலித்தீனில் சுற்றி, நைலான் நூலால் கட்டி, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஊரில் வளைகுடாவிலிருந்து வரும் சாமான்களுக்கு இதுதான் கதி. முன்னறையில் கண்ணாடி அலமாரி, அதற்குள் கப்பும் சாசரும், வருகிறவர்கள் பார்க்க வேண்டும், ஒருவரும் அதில் தேயிலை குடிக்கக் கூடாது. அந்த வழக்கம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. சாவி ராஜையன் சாரின் அரைஞாணில் தொங்கியது.

"சாரே, பெபிஷாவுக்கு ஒண்ணே ஒண்ணு தாரும். நான் பொறுப்பு" என்றேன்.

"டீச்சர், கீழ விழுந்து பொட்டிச்சுன்னா யாரு பதில் சொல்லுகது? கல்வி ஆபீஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வரும்போ புதுசு போல இரிக்கணும். உப்புக்காத்து வேற. சிலுவைமுத்து அண்ணன் அதுக்கெல்லாம் வழி பண்ணியாச்சு, நீங்க விசாரப்படாண்டாம்."

சிலுவைமுத்து விசைப்படகு வைத்திருப்பவர், ஊர்க் கோயிலின் பங்குப் பேரவையில் பள்ளிக்கூடத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு. நல்ல மனுஷன். என்ன வழி பண்ணினார் என்று நான் அன்றே கேட்டிருந்தால் அங்கேயே அலமாரியின் முன்னால் சண்டை போட்டிருப்பேன். பாலித்தீன் சுற்றியதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

ஜூலையில் கேட்டேன், ஆகஸ்டில் கேட்டேன். ஓணத்துக்கு முன்னால் கேட்டபோது ஓணம் கழியட்டும் என்றார், ஓணம் கழிந்து கேட்டபோது மழை கழியட்டும் என்றார். கிறிஸ்துமஸ் பரீட்சையில் பெபிஷா வெறும் தாளை மடித்துக் கொடுத்தாள். கேள்வியை வாசிக்கவே முடியாத பிள்ளை பதிலை எங்கிருந்து எழுதும்? அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் ராஜையன் சாரின் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

"இவள இஞ்ச வச்சு என்ன செய்யது டீச்சர்? திருநெல்வேலி பக்கம் கண்ணு தெரியாத்த பிள்ளையளுக்கு ஆஸ்டலோட பள்ளிக்கூடம் உண்டு. ஜனவரியில ஆபீசர் வாராரு. ஒரு வார்த்தை செல்லி அங்க அனுப்பிருவோம். அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. தலையைத் திருப்பினால் போதும்.

அஜிதா அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மதில் பக்கம் வந்து நின்றாள். "டீச்சரே, எனக்க பிள்ளைக்குக் கண்ணு தெரியும். என்னைத் தெரியும், கடலைத் தெரியும். மீன்ல சாளை எது, நெத்தலி எதுன்னு தொட்டுப் பாக்காமச் செல்லுவா. அவளைக் கொண்டு குருட்டுப் பள்ளிக்கூடத்துல விடச் செல்லுதாரே. ஆபீசரு செல்லியாச்சுன்னா நான் எப்பிடி மாட்டேன்னு செல்லுகது?"

"அனுப்ப விடமாட்டேன்" என்றேன். எப்படி விடாமல் இருக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆபீசர் வருகிற அன்று அலமாரி திறந்துதானே ஆகவேண்டும், பெபிஷா கையில் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன், அவரே காதால் கேட்கட்டும். அதை ஒன்றைத்தான் நம்பி இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. சங்கத்துத் தலைவர் ததேயுஸ் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார், சங்கத்தாருக்குக் காட்ட வீடியோ எடுப்பதற்கு ஆள் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு விழா. எட்டரைக்கு ராஜையன் சார் அலமாரியைத் திறந்தார். திறந்ததும் படகுத்துறை வாடை அடித்தது. நூலை அறுத்து முதல் பாலித்தீனைப் பிரித்தால் டேப்லெட் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. சார்ஜ் ஏற்றும் துவாரத்தில் மஞ்சளாக ஏதோ அடைந்திருந்தது. விரலால் தொட்டேன், கிரீஸ்.

பக்கத்தில் நின்ற சிலுவைமுத்து அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மீன்பிடித் தடைக்காலத்துல என்ஜினுக்குச் செய்யது இது தான் டீச்சரே. நல்லா ஆயில் போட்டுத் தொடச்சு, காத்து ஏறுக ஓட்டையில எல்லாம் கிரீஸ் வச்சு அடச்சு, பாலித்தீன்ல கெட்டி வச்சா உப்பு ஒண்ணும் செய்யாது. எனக்க என்ஜின் இன்னைக்கும் ஒரே இழுப்புல ஸ்டார்ட்டாவும். ஒரு டப்பா கிரீஸ் முழுசும் எனக்க சொந்தம், பள்ளிக்கூடத்துக்குன்னு தந்தேன்."

அவரை என்ன சொல்வது? பிள்ளைகள் சாமான் கெட்டுப் போகக்கூடாது என்று தன் கையாலேயே ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறார். ஆனால் எனக்கு அவரையும் அறைய வேண்டும்போல இருந்தது. குச்சியால் கிரீஸைத் தோண்டினோம், துணியால் துடைத்தோம், வயரைச் செருகினோம். பத்தில் ஒன்றுகூட உயிர் காட்டவில்லை. ஏழு மாதம் கரண்டைக் கண்ணால் காணாத சாமான், உள்ளே எண்ணெய் வேறு இறங்கிக் கிடக்கிறது.

"சாரே, ஆபீசர்ட்ட உள்ளதச் செல்லிருவோம்" என்றேன்.

"உமக்கு வெப்ராளம் கூடிப்போச்சு டீச்சர், சும்மா பதறாதேயும்" என்றார் ராஜையன் சார். "படம் எடுக்கத்தானே? பிள்ளையள் கையில பிடிச்சு விரல வச்சு இழுத்தாப் போதும். தூரத்துல நின்னு பாத்தா யாருக்குத் தெரியும்? ஆபீசர் பத்து நிமிஷத்துல போயிருவாரு."

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஜீப் வந்துவிட்டது.

முன்வரிசையில் பத்துப் பிள்ளைகள். ஆளுக்கொரு செத்த டேப்லெட். "மக்களே, விரல வச்சுத் தள்ளுங்க, தள்ளிக்கிட்டே சிரிங்க" என்று ததேயுஸ் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளும் தள்ளினார்கள். இருட்டுக் கண்ணாடியில் விரலை இழுத்து இழுத்துச் சிரித்தார்கள். பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நான் மிரட்டி வளர்க்கிற பிள்ளைகள். ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பலே பலே என்று தலையாட்டினார். வீடியோக்காரர் வரிசையின் ஒரு முனையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தார்.

கடைசியில் உட்கார்ந்திருந்தாள் பெபிஷா. அவளிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. நானும் இந்த ஓட்டத்தில் மறந்துபோனேன். டேப்லெட்டை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு இரண்டு விரலையும் சேர்த்து விரித்தாள். மறுபடி விரித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக விரித்தாள். பிறகு கையை நீட்டி, பக்கத்தில் நின்ற என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அன்னைக்குத் தெரிஞ்சுதே. இப்பம் ஒண்ணுமே தெரியல்ல. எனக்குக் கண்ணு முழுசும் போச்சா டீச்சர்?"

கூட்டம் முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டாள். வாசலில் நின்ற அஜிதா "எனக்க மாதாவே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அதற்குமேல் எனக்கு எதிரில் யார் இருக்கிறார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

"கண்ணு போகல்ல மக்கா. இது செத்துப்போச்சு. உனக்குத் தராம பூட்டி வச்சு இவங்க கொன்னு போட்டாச்சு" என்றேன். என் குரல் ஜெபக்கூட்ட மைக்குபோல எழும்பியது. "கேளுங்க சார், பத்தும் செத்துப்போச்சு. ஒண்ணுலயும் வெளிச்சம் கிடையாது. பிள்ளையள இருட்டுல விரல் தேய்க்கச் சொல்லிப் படம் பிடிக்காவ. இந்தப் பிள்ளைக்கு எழுத்து பெரிசாத் தெரிஞ்சா எந்தப் பாடமும் வாசிப்பா. அதுக்கு உள்ள சாமானப் பூட்டி வச்சிட்டு, வாசிக்கத் தெரியல்லன்னு அவளைக் குருட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப இன்னைக்கு உங்ககிட்ட வாய் வார்த்தை வாங்கப் போறாரு எங்க சார்."

"டீச்சர், இரியும் அங்க" என்று ராஜையன் சார் பாய்ந்து வந்தார். பெபிஷா கையிலிருந்த டேப்லெட்டை வாங்கக் குனிந்த வேகத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து போன் எட்டிப் பார்த்தது. சவூதியில் தமாமில் இருக்கும் அவர் மகன் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்துவிட்ட உள்ளங்கை அகலத் தொடுபோன். கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் வைத்திருந்தார். என்னிடம் பட்டன் போன்தான், அதனால் இந்த யோசனை எனக்கு அதுவரை வந்ததே இல்லை. கோபம் வந்த பிறகுதான் வந்தது.

பிடுங்கினேன். ஆமாம், ஆபீசருக்கு முன்னால் தலைமையாசிரியரின் பையிலிருந்து பிடுங்கினேன். பிளாஸ்டிக் தாளைச் சர்ரென்று உரித்துக் கீழே போட்டேன். நாலாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, இதுவரை நான் நடத்தாத பாடமாகப் பார்த்துப் படம் எடுத்தேன். இரண்டு விரலால் விரித்து பெபிஷா கையில் கொடுத்தேன்.

"தெரியுதா பிள்ளே?"

அவள் போனை மூக்கருகே கொண்டுபோனாள். ராஜையன் சார், ததேயுஸ், சிலுவைமுத்து எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடியோக்காரருக்குக் கேமராவை நிறுத்தத் தோன்றவில்லை.

"தெரியுது" என்றாள். பிறகு தொடங்கினாள். "கூடு கட்டும் குருவி. குருவி ஒரு... ஒரு வைக்கோலை எடுத்து வந்தது. காற்று அதைத் தட்டிவிட்டது. குருவி மறுபடியும் போனது."

"ஆர் இந்தப் பிள்ளைய வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னது?" என்று கேட்டார் ஆபீசர். ராஜையன் சார் கீழே கிடந்த பிளாஸ்டிக் தாளைக் குனிந்து எடுத்தார். அஜிதா செருப்பைக்கூடக் கழற்றாமல் வகுப்புக்குள் நேராக ஏறி வந்து மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "எனக்க பிள்ள எங்கயும் போவாது சார். இஞ்சதான் இருப்பா" என்றாள். ஆபீசர் தலையை ஆட்டினார். போதும், எனக்கு அது போதும்.

ராஜையன் சார் மெல்ல என் பக்கம் கையை நீட்டினார். "டீச்சர், எனக்க போன்..."

அதே நேரம் போன் அலறியது. திரையில் பாடம் மறைந்து ஒரு பையனின் முகமும், அதன்மேல் பெரிதாக 'மகன்' என்ற எழுத்தும் வந்தன. பெபிஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சாரே, உங்க மோன் விளிக்காரு."

ராஜையன் சார் எட்டி வாங்கப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

"கட் பண்ணு மக்கா" என்றேன். "பாடம் முடியல்ல. நீ வாசி."