யட்டியாந்தோட்டையில் கொட்டிய மழை

வானிலை அலுவலகத்துக்காரர்கள் பொய் சொல்வதில்லை. "மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகலில் மழை பெய்யக்கூடும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு என்று கேட்பவன் நாகரிகம் தெரியாதவன். சொன்னபடி பெய்யாவிட்டால் அதற்கும் வழி இருந்தது. மழைமானி பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போடுவார்கள். எங்கேயாவது ஒரு மூலையில் நாலு சொட்டு விழுந்திருக்கும். அது கிடைத்ததும் அறிக்கை பிழைத்துக்கொள்ளும், எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

விஜயகலா இந்த வேலையில் கெட்டிக்காரி. பக்கத்து மேசைத் தினேஷ் அவளையும் மிஞ்சியவன். ஐந்தே நிமிடத்தில் மழையைக் கண்டுபிடித்துவிடுவான். அவனைத்தான் அவள் கட்டிக்கொள்ள நினைத்தாள்.

தடையாக நின்றவர் அப்பா. நிவித்திகலப் பக்கத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற ஏழுமலை.

"இந்த வீட்டுல ஏற்கனவே மழ சொல்ற ஆளு ஒண்ணு இருக்கு, போதாதா?" என்றார். "ஆமாவா இல்லயான்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாதவனுக்கு எப்புடிம்மா பொண்ணக் குடுக்குறது?"

அம்மா அழகம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததில், ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வரட்டும் என்று அப்பா இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை அலுவலக நேரத்தில் அவரே தினேஷுக்கு ஃபோன் போட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம மழ வருமா வராதா? லயத்து வீட்டு வாசல்ல பந்தல் போடவா, இல்ல பிள்ளக்காம்பராவுல வைக்கவா?"

பக்கத்தில் நின்ற விஜயகலா ஃபோனோடு காதை ஒட்டிக்கொண்டாள். "சில இடங்களில்" என்று இவன் ஆரம்பித்தால் கல்யாணம் அத்தோடு சரி.

"வரும் மாமா," என்றான் தினேஷ். "மூணு மணிக்கு. உங்க வாசல்லயே."

"உங்களுக்குப் பைத்தியமா?" என்று அவள் கிசுகிசுத்தாள். "மணியும் சொல்லி, வாசலும் சொல்லி!"

"உங்கப்பா கேட்டாரே, கலா."

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குள் நாற்பது பேர் வெந்துகொண்டிருந்தார்கள். புளத்கொகுபிட்டியவிலிருந்து வந்த தினேஷின் பெரியப்பாமார், மூன்று வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. மூன்று மணியாயிற்று. மூன்றே காலாயிற்று. பக்கத்து லயத்து மூக்காயி கம்பளியைத் துவைத்துக் கொண்டுவந்து காயப் போட்டாள்.

"நல்ல மழ!" என்றாள், ஜன்னலுக்குள் தலையை நீட்டி.

எல்லாக் கண்ணும் தினேஷ் பக்கம் திரும்பியது. அவன் கை சட்டைப் பைக்குப் போனது. வேண்டாம், வேண்டாம் என்று விஜயகலா கண்ணாலேயே கெஞ்சினாள். பழக்கம் யாரை விட்டது? யட்டியாந்தோட்டையில் மழைமானி பார்க்கும் காமில் நானாவின் குரல் ஸ்பீக்கரில் அலறியது.

"இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுது தம்பி! கடைக்குள்ள தண்ணி!"

தினேஷின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மாமா, யட்டியாந்தோட்டையில..."

"எம் மக யட்டியாந்தோட்டையிலயா இருக்கு?"

அடுத்து அவன் சொல்லக்கூடிய வாக்கியம் விஜயகலாவுக்கு மனப்பாடம். அவளே நூறு தடவை எழுதியதுதான்: மாகாண அளவில் எதிர்வுகூறல் சரியே. அதை மட்டும் சொல்லிவிடாதே என்று புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

தினேஷ் ஃபோனை அணைத்தான்.

"இல்ல மாமா. நான் சொன்னது பிழ. இங்க மழ வரல்ல."

ஏழுமலை அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"முப்பது வருஷமா ரேடியோவுல கேக்குறேன். இந்த ஒரு வார்த்தய ஒருத்தனும் சொன்னதில்ல," என்றார். "அழகம்மா, வெத்தலத் தட்ட எடு. எல்லாரும் வெளிய வாங்க, காத்தாட ஒக்காந்து பேசுவோம்."

பெரியப்பாமார் நாற்காலிகளோடு சேர்ந்தே எழுந்தார்கள். விஜயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதற்குள், வாசற்படியில் அப்பா திரும்பி நின்றார்.

"கல்யாணத்துக்கு நாள மட்டும் நீங்க ரெண்டு பேரும் குறிக்க வேணாம். கோயில் ஐயரு பாத்துக்குவாரு."