இன்பமேரியின் நாற்காலி

மாதா கோவில் பங்கு மண்டபத்தில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பக்கம் எஸ்டேட் முதலாளிகள் தரப்பு ஆள், மறுபக்கம் தொழிலாளர் தரப்புக்கு இன்பமேரி. அவள் முன்னால் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். கடைசி வரிசையிலிருந்த பெரியநாயகத்துக்கு அந்த மூடிதான் கண்ணை உறுத்தியது.

இந்தத் தொழிலாளர் தீர்ப்பாயம் வேண்டுமென்று முதல் மனு எழுதியவர் அவர். முப்பது வருடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றபின், ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் உட்கார்ந்து எழுதினார். வேலையில் ஒரு குறை என்றால் சேலத்துக்குப் பஸ் ஏறி, வாய்தா வாய்தாவென்று வருடக்கணக்கில் அலைய முடியவில்லை. மலையிலேயே, வக்கீலும் கட்டணமும் இல்லாமல், முப்பது நாளில் முடிவு சொல்ல ஓர் இடம் வேண்டும். அது வந்தேவிட்டது. தொழிலாளர்களே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றதும் புதுச்சட்டை தைக்கக் கொடுத்தார். அவருக்கு உயர்ந்தவை ஏழு கைகள். மற்றதெல்லாம் காப்பிப் பழம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்த இன்பமேரிக்கு.

"ரைட்டரு நல்ல மனுசந்தானுங்க. ஆனா ஆபீசுப் பக்கத்து ஆளு" என்று யாரோ சொன்னது இன்னும் காதில் இருந்தது. அந்தச் சட்டையைத்தான் இன்று போட்டிருந்தார்.

முதல் வழக்கு கரடியூர் கண்ணாயியுடையது. மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தவள். எஸ்டேட் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டது.

"கண்ணாயின்னு ஒரு பேரே எங்க ரிஜிஸ்டர்ல இல்லைங்க" என்றான் எஸ்டேட் அலுவலகத்து ரஞ்சித். "புருசன் குழந்தைவேலு பேருதான் இருக்குது."

"காப்பியோ மிளகோ, யாரு பறிச்சாலும் மூட்டை ஆம்பள பேருலதானுங்களே ஏறும்" என்றாள் கண்ணாயி. "எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்க."

"அப்ப நீங்க பறிச்சதுக்கு என்ன சாட்சிங்க?"

நீதிபதி இன்பமேரியைப் பார்த்தார். அவள் மனுவை முன்னும் பின்னும் புரட்டினாள். முழிக்கட்டும் என்று நினைத்தார் பெரியநாயகம். அவள் தடுமாற்றம் அவருக்கு இனித்தது. கண்ணாயியின் கட்டுப்போட்ட காலைப் பார்க்காமல் இருந்தார்.

"அக்கா, மூட்டைக்கு அடையாளமாச் சேலத்துணி கிழிச்சுக் கட்டுவீங்கல்ல" என்றாள் இன்பமேரி ஒருவழியாக. "உங்குளுது மஞ்சத்துணின்னு நெனவு."

"மலையில பாதிப்பேரு மஞ்சத்துணிதானுங்க" என்று ரஞ்சித் சிரித்தான்.

பெரியநாயகத்தால் உட்கார முடியவில்லை. இதுகூடத் தெரியாதவளுக்கா அந்த நாற்காலி?

"மஞ்சளுமில்ல பச்சையுமில்லீங்க" என்று எழுந்தார். "துணி மாறும், முடிச்சு மாறாது. இந்தப் பொண்ணு இடதுகைக்காரி. மத்தவங்க முடிச்ச இழுத்தா அவுரும். இவ முடிச்சு இறுகும். பத்தொம்பது வருசம் தராசுகிட்ட நின்னு நாந்தானுங்க அதோட மல்லுக்கட்டுனேன்."

ஒரு துணியைக் கொடுத்தார்கள். கண்ணாயி இடது கையால் நாற்காலிக் காலில் முடிந்தாள். ரஞ்சித் இழுத்தான். இறுகியது.

"பத்தொன்பது வருசம் பார்த்திருக்கீங்க" என்றார் நீதிபதி. "பேரை ஏன் எழுதலை?"

"வழக்கம் அப்படிங்க."

"எழுதினது யாரு?"

அவர் புதுச்சட்டையின் பொத்தானைத் தொட்டுக்கொண்டு நின்றார். "நானுங்க."

அங்கேயே முடிவு சொன்னார்கள். கண்ணாயி எஸ்டேட் தொழிலாளிதான். வைத்தியம் எஸ்டேட் பொறுப்பு. கால் தேறியதும் உட்கார்ந்து செய்யும் வேலை தரவேண்டும். கண்ணாயி பெரியநாயகத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட அவர் கை எழவில்லை.

கையெழுத்துப் போட மேசைக்கு வந்தார். சாட்சி என்று அச்சடித்த இடத்தில் போடச் சொன்னார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தராசைத் தாண்டி மூட்டைகள் போனது பழம் பிரிக்கும் கொட்டகைக்கு. அங்கே அவற்றை அவிழ்த்தவள் இன்பமேரி.

"மேரி, அந்த முடிச்சு உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னாத்தானுங்ண்ணா அது சாட்சி" என்றாள் தாழ்ந்த குரலில். "நான் தீர்ப்பு சொல்ற பக்கம் உக்காந்திருக்கறனே."

டம்ளர் மூடியை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். பிறகு அடுத்த மனுவைக் கூப்பிடச் சொன்னாள்.