வெயில் காய்ந்த மைக்ரோவேவ்

ஜனக்புரியின் அந்த அடுக்குமாடியில் திரியும் கரப்பான்பூச்சிகள் அத்தனையும் கீழ்வீட்டு மிஸஸ் சேத்தியின் சிக்கன் வாசனைக்கு வந்தவை என்பது வைதேஹியின் தீர்ப்பு. வெங்காயம்கூட யோசித்து நுழையும் தன் சமையலறையில் அதுகளுக்கு என்ன வேலை? இதைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் குப்தாவிடம் புகாராகவே கொடுத்துவிட்டாள். அவரும் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு வீட்டையும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை பால் சுட வைக்கப் போனபோது, மைக்ரோவேவின் கடிகாரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கரப்பான் சாவகாசமாக நடந்து போயிற்று. பின்னாலேயே அதன் குடும்பமும்.

வைதேஹிக்குக் கரப்பானைவிட மிஸஸ் சேத்தியின் சிரிப்புதான் கண்முன் நின்றது.

"மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடட்டுமா?" என்றார் கணவர் வாசுதேவன்.

"அவன் வந்துட்டுப் போறதை பில்டிங்கே பாக்கும். பேசாம வெயில்ல வைங்கோ."

அரிசியில் வண்டு வந்தால் வெயில். பருப்பில் புழு வந்தால் வெயில். கும்பகோணத்து வைத்தியம் டெல்லி மே மாதத்தில் பலிக்காமல் போகுமா? மைக்ரோவேவ் பால்கனிக்குப் போயிற்று. உள்ளே ஒரு கொத்து வேப்பிலை, கூடவே மிளகாய் வற்றல். அரசாங்க கம்பெனியில் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்ற வாசுதேவன், வடாத்தைத் திருப்புவதுபோல் அதை அவ்வப்போது திருப்பியும் வைத்தார். படித்த படிப்பு வீண்போகவில்லை.

சாயங்காலம் கண்ணாடிக்குப் பின்னால் ஈ காக்கை இல்லை. செத்திருந்தால் பிணம் எங்கே என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

குப்தா வந்தார், கூடவே மிஸஸ் சேத்தியும். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பஹுத் அச்சா" என்றார் குப்தா. வைதேஹிக்கு உச்சி குளிர்ந்தது. ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்து, முறுக்கும் காபியும் கொடுத்து, "ஏன்னா, கூலரைப் போடுங்கோ. பாவம், வேர்த்துக் கொட்டறது அவருக்கு" என்றாள்.

கூலர் பால்கனி ஜன்னலில் இருந்தது, மைக்ரோவேவ் காய்ந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. ஈரப்புல் தட்டி, இருட்டு, குளிர்ச்சி. டெல்லிக் கோடையில் அதைவிட நல்ல குவார்ட்டர்ஸ் பெரிய அதிகாரிகளுக்கே கிடைக்காது.

வாசுதேவன் சுவிட்சைத் தட்டினார். கூலர் உறுமிக்கொண்டு, குடியிருந்தவர்களைக் காலி செய்யத் தொடங்கியது. ஒருவர் குப்தாவின் காபியில் இறங்கினார். இன்னொருவர் முறுக்குத் தட்டில்.

மிஸஸ் சேத்தி எழுந்துபோய், வாசலில் விட்டிருந்த செருப்பை எடுத்து வந்து, தரையில் ஓடியதை ஒரே போடாகப் போட்டாள்.

"எங்க வீட்டுக்கு மாசாமாசம் ஆள் வந்து மருந்து வெச்சுட்டுப் போவான், பாபிஜி" என்றாள் இந்தியில், ஆறுதலாக. "சிக்கன் சமைக்கிற வீடாச்சே, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வரக்கூடாது பாருங்க. அவன் நம்பர் தரட்டுமா?"

அவள் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வைதேஹிக்கு அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன.

"தீஜியே" என்று நம்பரைக் குறித்துக்கொள்ளப் போனை எடுத்தாள்.