தரகன் பிடித்து வைத்த செய்தி

கசோண்டேவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வேலையையும் முக்கால்வாசி அழகாகச் செய்துவிட்டு, மிச்சத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவான். செப்புச் சுரங்க ஊரான கிட்வேயில் அவனுடைய கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமாகத்தான் அது ரொம்ப நாள் இருந்தது.

பின்பக்க அறையில் அவன் அண்ணன் சிலேக்வா படுத்திருந்தார். செப்புச் சுரங்கத்தில் காலமெல்லாம் தூசி தின்று நுரையீரல் கல்லாகிப் போனவர். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர், அதுவும் கைவிட்டால் கட்டிலோரம் ஒரு சிலிண்டர். ஆனால் சிலிண்டரைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கசோண்டேயின் மனைவி அஸ்ட்ரிடா. சுவரோரம் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"முலாமு, உன் புருஷன் சின்ன வயசுல கோழிக்கூட்டுக்குக் கதவு செஞ்சான். தாழ்ப்பாள் மட்டும் வைக்கல. அத்தனை கோழியும் போச்சு" என்பார் சிலேக்வா. தம்பி மனைவியை 'முலாமு' என்று முறை சொல்லிக் கேலி பேச உரிமை உள்ளவர், மூச்சு இருக்கும்வரை விடமாட்டார்.

"ஓடுன கோழியைப் பிடிச்சுத் தின்ன வாய் எதுன்னும் சொல்லுங்க" என்பாள் அவள்.

உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு போய்விட்டது. சர்ச் பாடல் குழுவுக்குப் போயே மாதக்கணக்காகிறது. கசோண்டேவுக்கு அது உறுத்தியது. மனைவி மேல் வைத்த பிரியத்தில்தான் தொடங்கினான். அதை மறுக்க முடியாது.

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டான். அதில் ஒரே வரி கட்டளையில் 'தரகன்' என்கிற செய்தி மென்பொருள் வந்து இறங்கியது. வீட்டிலுள்ள கருவிகள் தங்கள் சேதியைத் தரகனிடம் சொல்லும். கேட்க வேண்டியவர்கள் தரகனிடம் கேட்டுக்கொள்வார்கள். அந்த மென்பொருளுக்குக் கொசுவின் பெயர் என்று தெரிந்ததும் சிலேக்வாவுக்கு இருமலே வந்துவிட்டது.

"ஊரே கொசுவுக்கு வலை கட்டுது. நீ அதைக் கூப்பிட்டு வேலைக்கு வைக்கிறியாடா?"

புதிதாக வந்த தரகன், மடிக்கணினிக்கு வெளியே இருந்து யார் கூப்பிட்டாலும் காது கொடுக்கவில்லை. கசோண்டே பாதி நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் அலைந்தான். பிறகு அமைப்புக் கோப்பில் வாசலைத் திறந்துவிட ஒரு வரி, கடவுச்சொல் இல்லாதவரை விரட்ட ஒரு வரி. ஆக்சிஜன் மெஷின் செருகியிருந்த பிளக்குக்குள் உட்கார்ந்த சின்னக் கருவி பேச ஆரம்பித்தது. இருவர் போனிலும் பச்சை எழுத்து: 'அண்ணன் மெஷின் ஓடுகிறது'. அஸ்ட்ரிடா கைதட்டினாள்.

ஆனால் மின்வெட்டு உள்ள ஊரில் எதுவும் அவ்வளவு சுலபமில்லை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் திரை கொஞ்ச நேரம் வெறுமையாகிவிடும். அவள் பதறி அடித்து ஓடுவாள். அதனால் கசோண்டே தரகனுக்கு இன்னொரு உத்தரவு போட்டான்: ஒவ்வொரு கருவியும் கடைசியாகச் சொன்னதைக் கையில் பிடித்து வைத்துக்கொள், கேட்டவுடன் கொடு. அன்றிலிருந்து திரை வெறுமையாகவே இல்லை.

ஒரு கருவி வாயடைத்துப் போனால் தரகனே அதை அறிவிக்கும்படியும் செய்யலாம். கருவியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். படித்தான், புரிந்தது, அடுத்த சனிக்கிழமை என்று வைத்தான்.

மெஷினுக்குள்ளேயே அபாய மணி ஒன்று இருந்தது. மின்சாரம் தடுமாறும்போதெல்லாம் அது அலற, அண்ணனுக்குத் தூக்கமில்லை. கசோண்டே அதன் பேட்டரியைக் கழற்றினான்.

"இனிமே போன் சொல்லும்ணே."

"சொல்லட்டும். ஆனா முலாமு உக்காந்தா சண்டையாவது போடலாம். உன் தரகன்கிட்ட என்னடா பேசுறது?"

அந்தச் சனிக்கிழமை அஸ்ட்ரிடா சர்ச்சுக்குப் போனாள். கசோண்டே அந்த ஒரு வரியை எழுதினானா? இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, அதற்கும் ஒரு கருவி பொருத்திக்கொண்டிருந்தான். கரண்ட் போனது தெரிந்தது. போனைப் பார்த்தான். ஓடுகிறது. இன்னொரு முறையும் பார்த்தான். ஓடுகிறது.

இன்வெர்ட்டர் சுமை தாங்காமல் அணைந்துபோயிருந்தது. மெஷின் நின்றது, அதோடு பிளக்கிலிருந்த கருவியும் செத்தது. மடிக்கணினிக்கும் வைஃபைக்கும் மட்டும் சொந்த பேட்டரி. தரகன் சொன்ன சொல் தவறாமல், கடைசிச் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதெல்லாம் கொடுத்தது.

ந்ஷிமாக் களியும் வறுத்த கபெண்டா மீனும் தட்டில் போட்டுக்கொண்டு அவன் அறைக்குப் போனான். வாசலிலேயே தெரிந்துவிட்டது. மெஷின் சத்தம் இல்லை. சிலேக்வா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். கை சிலிண்டர் பக்கம் நீண்டிருந்தது. ஒரு முழம் எட்டவில்லை.

மறுநாள் துக்க வீட்டு வழக்கப்படி சோபாக்களை வெளியே போட்டுவிட்டார்கள். உள்ளே பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். முற்றத்தில் ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "நேரம் வந்துடுச்சு, யார் என்ன பண்றது?" என்றார் ஒரு பெரியவர். கழற்றிய பேட்டரி கசோண்டேயின் சட்டைப்பையில் இருந்தது.

அஸ்ட்ரிடா பெண்களை விட்டு எழுந்து, ஆண்களுக்கு நடுவே நேராக அவனிடம் வந்தாள். போனை நீட்டினாள். பச்சை எழுத்து.

"பாஷி லுபுட்டோ." லுபுட்டோவின் அப்பா என்று மகன் பெயரைச் சொல்லித்தான் எப்போதும் கூப்பிடுவாள். இன்று குரலில் உயிர் இல்லை. "இது இன்னும் ஓடுதுன்னு சொல்லுது."

அவன் எழுந்து உள்ளே போனான். வீட்டு நடையில் அவன் மடிக்கணினி வரை போக வழிவிட்டுப் பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். தரகன் பிடித்து வைத்ததை விடுவிக்க ஒரே வழிதான்: அதே முகவரிக்கு ஒன்றுமில்லாத சேதி அனுப்ப வேண்டும். அவனுக்கு அது மனப்பாடம். விரல்தான் வரவில்லை. அண்ணனை இரண்டாம் முறை கொல்வதுபோல் இருந்தது. அனுப்பினான்.

அவள் கையிலிருந்த திரை வெறுமையானது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இடுப்பு வலி மட்டும்தாங்க இருந்துச்சு" என்றாள். "நான் உக்காந்தே இருந்திருப்பேன்."