ஒன்பதும் நாற்பத்தொன்றும்

மருந்துக்கடையில் அவருக்குப் பட்டியலார் என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் காலாவதியாகப் போகிற மாத்திரைகளுக்கு ஒரு பட்டியல் போடுவார். தீர்ந்துபோனவற்றுக்கு இன்னொன்று. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்குக்கூட ஒன்று உண்டு. இருபத்தாறு வருஷமாக அதே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, எந்த டாக்டரின் கிறுக்கலுக்கு எந்த மாத்திரை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

வீட்டில் அவர் படிக்கிற புத்தகங்களுக்கு ஒரு நோட்டு இருந்தது. வருஷத்துக்கு ஒரு நோட்டு. வரிசை எண், மாதம், தலைப்பு, அதற்குக் கீழே தீர்ப்பாக ஓரிரு வரி. துப்பறியும் கதை என்றால் சிவப்பு மை. குடும்பக் கதைக்குப் பச்சை, வரலாற்றுக்கு நீலம், பயணத்துக்கு ஊதா. எந்த நிறத்திலும் அடங்காததெல்லாம் பென்சிலில் 'இதர' என்று ஏறும். தேனீ வளர்ப்பு, உப்பின் கதை, யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள், வெளியே சொல்ல வெட்கப்பட்ட இரண்டு பேய்க்கதைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒரு கவிதைப் புத்தகத்தை எந்த மையில் எழுதுவதென்று மனிதர் இரண்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் யோசித்திருக்கிறார்.

தீர்ப்புகளில் ஈவிரக்கம் கிடையாது. ஒரு பயண நூலுக்கு, 'ஆசிரியர் கப்பலை விட்டு இறங்கவே இல்லை' என்று எழுதியிருந்தார். கவிதைக்கு, 'நான்கு புரிந்தன. புரியாத ஐந்தாவது பிடித்தது.' தேனீ வளர்ப்புக்கு, 'தேனீக்களே எழுதியிருந்தால் சுருக்கமாக இருந்திருக்கும்.' தன்னுடைய தீர்ப்புகளைத் தானே படித்து ரசிப்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஆனால் அதை வருஷ முடிவில் ஒரு தடவைதான் செய்வார். நடுவில் பின்பக்கம் புரட்டுகிற வழக்கம் இல்லை.

அவர் மனைவி நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நைந்துபோன பழைய வரைபடங்களின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோட்டுக்குக் கோடு, எழுத்துக்கு எழுத்து பிரதி எடுக்கிற வேலை. வீட்டில் அந்த நோட்டுக்கும் அவருக்கும் இருந்த உறவு, மேஜையைத் துடைக்கும்போது அதைத் தூக்கி, துடைத்தபின் அதே இடத்தில் வைப்பதுதான். பட்டியலார் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வருஷம் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நோட்டோடு உட்கார்ந்தார். மொத்தம் நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் வகை வகையாகப் பிரித்துப் புதுத் தாளில் எழுத வேண்டும். வருஷத்திலேயே அவருக்குப் பிடித்த காலை அதுதான். சிவப்பை முடித்துப் பச்சைக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

சற்றுமுன்தான் சிவப்பில் எழுதியிருந்தார்: நாற்பத்தொன்று, பத்தாம் மாதம், 'மாடி வாடகைக்கு.' அதன் தீர்ப்பு: 'கொலைகாரன் யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கார அம்மாவை எடுத்துவிட்டால் அறுபது பக்கம் மிச்சம்.'

இப்போது பச்சையில் இருந்தது: ஒன்பது, மூன்றாம் மாதம், 'மாடி வாடகைக்கு.' தீர்ப்பு: 'எல்லாரையும் விசாரிக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவை மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.'

ஒரே பெயரில் இரண்டு புத்தகம் இருக்குமோ என்று பார்த்தார். ஆசிரியர் பெயரும் அதுவேதான். கையெழுத்தும் தன்னுடையதுதான். அவர் போடுகிற ரகரத்தின் வால் பக்கத்து வரிவரை இழுபடும், இதிலும் இழுபட்டிருந்தது. ஆக, மூன்றாம் மாதம் ஒரு புத்தகத்தைப் படித்து, தீர்ப்பும் எழுதி, ஏழே மாதத்தில் அதே புத்தகத்தைப் புதிதாக எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்திருக்கிறார். எங்கேயும், ஒரு வரியில்கூட, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றவில்லை. தலைகீழாக நின்று யோசித்தும் மூன்றாம் மாதத்து ஞாபகம் ஒரு பக்கம்கூட வரவில்லை.

அவர் பயப்படக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கு ஞாபகம் போய் மூன்று வருஷமாகிறது. அதுவும் இப்படித்தான் ஆரம்பித்தது. சொன்ன கதையையே திரும்பச் சொன்னார், பார்த்த படத்தையே புதுப்படம் என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கு மாலையே பட்டியலார் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் ஜன்னலோரம் ஒரு வாரப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வாடா தம்பி. இதுல ஒரு கதை வந்திருக்கு, பிரமாதம். படிச்சியா?"

"இல்லைண்ணா."

"எடுத்துட்டுப் போ. கட்டாயம் படி."

போன மாதமும் அதே பத்திரிகையைக் கொடுத்தார். அதற்கு முந்தைய மாதமும். பட்டியலார் வழக்கம்போல வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது அண்ணன் பார்க்காத நேரமாக அலமாரியில் திரும்ப வைத்தார்.

"அண்ணா, படிச்சதையே படிக்கிற மாதிரி உங்களுக்கு எப்பவாவது தோணுமா?"

"ஏன் தோணணும்? எல்லாம் புதுசாத்தானே இருக்கு."

அண்ணன் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தம்பியை உலுக்கிவிட்டது. ஞாபகம் போகிறவனுக்கு அது போவது தெரியாது போலிருக்கிறதே என்று நினைத்தபடி வழியெல்லாம் நடந்தே வந்தார்.

அடுத்த நாலு நாள் கடையில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு அட்டை மாத்திரையை எடுப்பார், சீட்டைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், மறுபடியும் சீட்டைப் பார்ப்பார். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிற ரிடையர்டு வாத்தியார் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, மாத்திரையப் பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்றே கேட்டுவிட்டார். பட்டியலார் அசடு வழியச் சிரித்தார். உள்ளே சிரிப்பில்லை. ஒரு மில்லிகிராம் மாறினால் ஒரு உயிர் போய்விடலாம். நாவலை மறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாளைக்கு இந்தச் சீட்டில் மறந்தால்?

வியாழக்கிழமை மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், முதலாளியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். புது வருஷம் முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், சொந்தக் காரணம், இவ்வளவுதான். எழுதி முடித்ததும் அலமாரிகளை ஒரு முறை பார்த்தார். அகர வரிசையில் அவர் அடுக்கிய பெட்டிகள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரோ இருமல் மருந்து கேட்டு வந்ததால் அழ முடியவில்லை.

கடிதத்தை உடனே கொடுக்கவும் இல்லை. சனிக்கிழமைவரை சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அந்தக் கடையை விட்டால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் துவைக்கப் போடுவதற்காகச் சட்டைப் பைகளைத் துழாவிய மனைவி கையில் அது கிடைத்தது.

"இது என்னங்க?"

மறைத்துப் பேசத் தெரியாத மனிதர். நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். ஒன்பதைக் காட்டினார். நாற்பத்தொன்றைக் காட்டினார்.

"ஒரே புஸ்தகம். ரெண்டு தடவை படிச்சிருக்கேன். முதல் தடவை படிச்சது சுத்தமா ஞாபகத்துலயே இல்ல. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்தாச்சு. மருந்துக்கடையில நான் இனிமே நிக்கக் கூடாது."

மனைவி நோட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"இதுக்காகவா ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"ஒன்பதாவதை நீங்க படிக்கல. நான் படிச்சேன். எழுதினதும் நான்தான்."

பட்டியலாருக்கு அது உடனே உறைக்கவில்லை. மனைவி பொறுமையாகச் சொன்னார். மூன்றாம் மாதம் பத்தாம் தேதி பட்டியலாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் படித்திருப்போம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வந்து படிக்கலாம் என்று முன்கூட்டியே நூலகத்திலிருந்து மூன்று புத்தகம் எடுத்துவரச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றும் அவர் தொடாமலே மேஜையில் கிடந்தன.

"கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தீங்க. இந்த மாசம் ஒண்ணும் ஏறலையேன்னு ஒரே புலம்பல். நான் அதுல ஒண்ணைப் படிச்சேன். படிச்சதும் ஒரு வரி எழுதணும்னு தோணுச்சு. எனக்குன்னு நோட்டு ஏது? உங்க நோட்டுலயே எழுதினேன்."

"என் எழுத்து மாதிரியே இருக்கே!"

"பார்த்த எழுத்தை அப்படியே எழுதத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க? உங்க ரகரத்தோட வால்தான் கொஞ்சம் கஷ்டப்படுத்திச்சு."

பட்டியலார் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. தன் மண்டை தன்னிடமே இருக்கிறது, கடை இருக்கிறது, சீட்டு இருக்கிறது. நிமிர்ந்து அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தார், பிறகு எட்டாக. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அப்படி இருந்தது.

"கண்ணு சரியானதும் சொல்லியிருக்கலாம்ல நீ?"

"நீங்களே கண்டுபிடிச்சுக் கேப்பீங்கன்னு இருந்தேன். பத்தாவதை எழுதறப்போகூட மேல நம்பரை மட்டும்தான் பார்த்தீங்க. ஒரு மாசம் பார்த்தேன். ரெண்டு மாசம் பார்த்தேன். அப்புறம் அந்தப் புஸ்தகத்தையே எடுத்துட்டு வந்தீங்க. சரி, இப்போ கேப்பாருன்னு நெனச்சேன். படிச்சு முடிச்சு, மூடி வெச்சு, ஏதோ எழுதிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். பட்டியலார் மறுபடியும் ஒன்பதாம் எண்ணைப் படித்தார். ஒரு வாரமாக அந்த வரியை இருபது தடவையாவது பார்த்திருப்பார், தன் வியாதியின் சாட்சியாக. இப்போதுதான் அதை ஒருவர் எழுதிய வரியாகப் படித்தார். வீட்டுக்கார அம்மாவை மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ மத்த புஸ்தகமும் படிப்பியா?"

"நீங்க மூடி வெச்சதும் எடுப்பேன். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கப் போறது நான்தானே. பல வருஷமா நடக்கறதுதான்."

பல வருஷம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். ஒரே மேஜை, ஒரே விளக்கு, ஒரே புத்தகங்கள். வருஷா வருஷம் தீர்ப்பு எழுதினாரே தவிர, இதே வீட்டில் இன்னொருவரும் அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரமாக நினைத்துப் பயந்த வியாதியைவிட இந்த வெட்கம் கனமாக இருந்தது.

"'அவளுக்குத் தெரியும்'னு எழுதியிருக்கியே. கொலைகாரன் யாருன்னா?"

"அது எல்லாருக்கும்தான் தெரியுமே, மூணாவது அத்தியாயத்துலயே." மனைவி லேசாகச் சிரித்தார். "செத்துப்போனானே, மாடியில குடியிருந்தவன், அவன் ஒருத்தன்தான் அந்த அம்மாகிட்ட, 'நீங்க என்ன படிக்கறீங்க'ன்னு கேட்டான். நூத்திப் பன்னெண்டாம் பக்கம். அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு அவளுக்குத்தான் தெரியும். போலீஸுக்குத் தெரியாது."

பட்டியலார் அந்தப் பக்கத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். பத்தாம் மாதம் நிச்சயமாகப் படித்த புத்தகம். மாடிப்படி ஞாபகம் வந்தது, பூட்டு ஞாபகம் வந்தது, ரத்தக்கறை படிந்த தலையணை ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள புருஷன் வந்துட்டான்."

பட்டியலார் நோட்டை மூடித் தள்ளி வைத்துவிட்டு மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ என்ன படிக்கற?" என்று கேட்டார்.

மனைவி துணி ஊறிக்கொண்டிருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது. பட்டியலார் தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.