பாதி தின்ற ரொட்டி

பகலெல்லாம் பார்சல்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். சாயங்காலம் கைவேலை வகுப்பு. இந்த முறை நாங்கள் எல்லோருமாக ஒரு பொம்மை வீட்டுக்குச் சாப்பாடு செய்தோம். எல்லாம் காற்றில் காயும் களிமண்ணும் பசையும்தான். வகுப்பு முடிவில் வைக்கும் கண்காட்சியில் அந்த வீடுதான் வாசலுக்கு நேரே நிற்கும். சாப்பாட்டு மேசைக்கு ரொட்டி என் பொறுப்பு.

பழைய பல் பிரஷ்ஷால் குத்தினால் ரொட்டியின் சொரசொரப்பு வந்துவிடும். பழுப்பு சாக்பீஸைச் சுரண்டித் தடவினால் சுட்ட நிறம் வரும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் என் ரொட்டி களிமண் உருண்டையாகவே தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதோ என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க இன்னும் மோசமாகும்.

ஒருநாள் எரிச்சலில், ஈரமாக இருந்த ஒன்றைப் பிய்த்துவிட்டேன். பிய்த்தது பிய்த்ததாகவே இருக்கட்டும் என்று, ஊசியால் உள்ளே கிளறிப் பஞ்சாக்கி, ஓரத்தில் பல் தடம் பதித்தேன். தட்டில் துணுக்குகளைச் சிந்தி வீட்டு ஜன்னலில் காயவைத்தேன். நான் எதைக் காட்டினாலும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு நகரும் அக்கா, அங்கே நின்று குனிந்தாள்.

"யாருடி இது, பாதியில எழுந்து போனது?"

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சருக்குப் பிடிக்கவில்லை. எச்சில் தட்டை யாராவது கண்காட்சிக்கு வைப்பார்களா என்று கேட்டார். முழு ரொட்டி வை, இல்லையென்றால் தட்டையே எடுத்துவிடு என்றார். பக்கத்து மேசைத் தையல்காரர், பொம்மைக்கு வாயே வெறுமனே வரைந்ததுதானே, அது எப்படிக் கடித்தது என்று சந்தேகம் கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். டீச்சர் சொல்வதுதான் சரியோ என்று முழு ரொட்டி ஒன்றும் செய்தேன். பளபளவென்று வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று நகர்ந்தாள்.

காய்வதற்குள் அதைப் பிசைந்து உருண்டையாக்கிவிட்டேன்.

கண்காட்சியன்று முதல் ஆளாகப் போய், பாதி ரொட்டியைத் தட்டோடு மேசையில் வைத்தேன். டீச்சர் வந்ததும் பார்த்துவிட்டார். ஆட்கள் வருவதற்குள் எடு என்றார்.

"நான் எடுக்க மாட்டேன் டீச்சர். எடுத்தே ஆகணும்னா நீங்களே எடுங்க."

அவர் கையை நீட்டினார். தட்டுக்கு மேலே வந்த விரல்கள் அந்தரத்தில் நின்றன. தொடக் கூசியது போலிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்து, அந்தக் காகிதத்தைக் கொடு, அதால் எடுக்கிறேன் என்றார்.

"காகிதம் எதுக்கு டீச்சர்? வெறும் களிமண்ணுதானே."

தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். டீச்சர் தன் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை இழுத்துக்கொண்டு, வாசல் கதவைத் திறக்கப் போனார்.

பையில் இன்னும் கொஞ்சம் துணுக்கு மீதி இருந்தது. அதை எடுத்துப் பொம்மை வீட்டின் தரையிலும் சிந்தினேன்.