முகவரி முழுமையாக இல்லை

முகவரி முழுமையாக இல்லை என்று முதல் குறுஞ்செய்தி வந்த அன்று எங்கள் சமையலறை காணாமல் போய்விட்டது. என் மனைவி கோமளவல்லி மிஞ்சிய அடுப்பைத் தூக்கி நடையில் வைத்து உப்புமா கிளறினாள். கறிவேப்பிலை சமையலறையோடு போயிருந்தது.

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பார்சல் கிடங்கில் காத்திருக்கிறது. மாலைக்குள் கீழுள்ள இணைப்பை அழுத்தி முகவரியைச் சரிசெய்யவும்." நாங்கள் எதுவும் வாங்கியிருக்கவில்லை.

எங்கள் முகவரி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து. மில்லை இடித்துப் பல வருடமாகிறது. இன்னமும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். அதனால் முகவரியில் குறை என்று எவன் சொன்னாலும் எங்கள் சந்தில் உடனே நம்பிவிடுவார்கள்.

நான் நம்பவில்லை. நிஜமாகவே பார்சல் கொண்டுவருகிறவன் அன்புள்ள என்றெல்லாம் சொல்ல மாட்டான். வெயிலில் நின்றுகொண்டு, "எங்க சார் இருக்கு உங்க மில்லு?" என்று போனில் கத்துவான். இவ்வளவு மரியாதை எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் இரண்டாவது செய்தி. கூடம் போனது. அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன்.

"எதுக்கு?"

"கூடம் இல்ல சார்."

"அப்ப அரை நாள் எடுத்துக்குங்க."

எதிர்வீட்டு சற்குணம் சாரின் வீடு முழுசாக இருந்தது. புதிதாக ஒரு பால்கனிகூட முளைத்திருந்தது. அவர் மட்டும் பழுப்பு டேப் சுற்றி வாசலில் கிடந்தார். வாய்மேல் மட்டும் டேப் ஒட்டவில்லை.

"அழுத்துனீங்களா சார்?"

"அழுத்துனேன். அட்ரஸ் கேட்டான், குடுத்தேன். கார்டு நம்பர் கேட்டான், குடுத்தேன். ஓடிபி கேட்டான், அதையும் குடுத்தேன். அப்புறம் நான்தான் மிச்சம்."

உள்ளே டிவி ஓடியது.

"உள்ள யாரு?"

"சற்குணம்னு சொல்றான். எல்லா விவரமும் கரெக்டா வச்சிருக்கான்."

"பேங்குல சொன்னீங்களா?"

"சொன்னேன். சற்குணத்தக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க."

அவரை நிழலுக்கு நகர்த்திவிட்டு வந்தேன். எங்களுக்குப் படுக்கையறை மட்டும் பாக்கி. கோமளா கட்டிலில் உட்கார்ந்து என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எங்கண்ணன் அனுப்பியிருப்பானோ?"

அவள் அண்ணன் கருணாமூர்த்தி மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டுப் பாகப்பிரிவினையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அவள் நல்ல புடவை உடுத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அவரையே கேட்டுடு" என்றேன்.

தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தாள். அறை நீண்டுகொண்டே போனது. ரயில்வே பிளாட்பாரம் அளவு நீண்டபின் ஜன்னல் வந்தது. அங்கே அவள் மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். பேச்சு மட்டும், அவள் அண்ணன் குரல்கூட, பக்கத்தில் கேட்டது.

"நானா? ஒண்ணும் அனுப்பலயே. ஏன், ஏதும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

திரும்பி வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"பொய்தான்" என்றாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே." சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கையை நீட்டினாள். "உங்க போனக் குடுங்க. அழுத்தறேன்."

"பொய்னு தெரிஞ்சிடுச்சே, கோமளா."

"தெரியும். எனக்கு ஒண்ணு வந்திருக்குன்னு அவனாவது சொல்றான்ல."

 நான் போனைக் கொடுக்கவில்லை. செய்தியை அழித்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்தேன். அவள் அழுதாள்.

சாயங்காலம் படுக்கையறையும் போனது. கட்டில் மட்டும் சந்தில் நின்றது. கோமளா எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். சந்தில் போகிறவர்கள் எங்கள் வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டார்கள்.

"யாரும் வந்திருக்காங்களா?" என்றாள், திரும்பாமல்.

"இல்ல. வழியில போறவங்க."